ஒரு தீர்ப்பைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்

விமர்சனம் எழுதுகிறவனுக்கு இரண்டு தைரியங்கள் வேண்டும். நன்றாக இல்லை என்று மனசுக்குப் பட்டதை நன்றாக இல்லை என்றே சொல்லும் தைரியம் ஒன்று. சொன்னது தப்பு என்று தெரிய வந்தால் அதையும் அச்சிலேயே ஒப்புக்கொள்ளும் தைரியம் மற்றொன்று. முதல் தைரியம் எனக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்பது நண்பர்களின் அபிப்பிராயம். இரண்டாவது இருக்கிறதா என்று இன்று சோதித்துப் பார்க்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் இதே பக்கங்களில் 'அந்த நாள்' படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 1954-ல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த படம். டைரக்டரோ வீணை வித்வான். படத்திலோ மருந்துக்குக்கூட ஒரு பாட்டுக் கிடையாது. அந்தக் காலத்தில் அது எத்தனை பெரிய துணிச்சல் என்பதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது, நானும் சொன்னேன். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வந்ததையும், அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) போல ஒரே கொலையைப் பல வாய்கள் பல விதமாகச் சொல்வதையும் மெச்சினேன். மெச்சிவிட்டு, ஒளிப்பதிவாளர் எஸ். மாருதிராவ் மீது பாய்ந்தேன்.

மூன்று குற்றங்கள் சுமத்தினேன். ஒன்று: இந்தப் படத்தில் இருட்டு இருக்கிறது, ஆனால் இருட்டுக்குள் ஒன்றும் இல்லை, அடுப்புக்கரியை அள்ளிப் பூசினது போல இருக்கிறது. இரண்டு: கதையின் நடு ஆதாரமான பண்டரிபாயின் முகத்தில் சலனமே இல்லை, கழுவித் துடைத்து வைத்த பொம்மை முகம். மூன்று: கொலை நடந்த வீட்டின் அறைகள் அகலமாகத் தட்டையாகக் கிடக்கின்றன, சந்தேகத்துக்கு ஆளானவர்களை நெருக்க வேண்டிய சுவர்கள் விலகி நிற்கின்றன. 'நல்ல கதை, மோசமான வெளிச்சம்' என்று முடித்திருந்தேன். எழுதியபோது எனக்கே ஒரு திருப்தி. அந்தத் திருப்திதான் இப்போது உறுத்துகிறது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது தேவதானப்பட்டியில், என் வீட்டில், ஹெச்.டி. என்று பட்டம் சூட்டிக்கொண்ட பெரிய டி.வி.யில். வீடு பாட்டனார் காலத்துக் காரை வீடு. ஒன்றரை அடிச் சுவர். மச்சில் என் கம்ப்யூட்டர். படங்கள் எல்லாம் அதில்தான் சேமித்து வைத்திருக்கிறேன். முன்கட்டில், தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம், வைஃபை பெட்டி. பின்கட்டில் டி.வி. மச்சிலிருக்கிற படம் கம்பியில்லாமல் காற்றில் இறங்கி வந்து பின்கட்டுத் திரையில் ஓடும். முதல் தடவை அது ஓடியபோது, வீட்டுக்குள்ளேயே ஒரு சினிமாக் கொட்டகை வைத்துவிட்ட முதலாளி போல நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டது உண்மை.

என் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயசு. இளவயசில் இந்தப் பக்கத்து டூரிங் கொட்டகை ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவர். ஒற்றை மிஷின். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே சுடர் எரியும். குச்சி கரையக் கரைய இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கண் அசந்தால் திரை மங்கிவிடும். அந்தக் கண் அவருக்கு இன்னும் போகவில்லை. பொங்கலுக்கு வந்தவருக்கு, என் கட்டுரையின் பெருமையையும் சேர்த்துக் காட்டலாமே என்று 'அந்த நாள்' படத்தைப் போட்டேன்.

பத்து நிமிஷம் பார்த்தார்.

"மாப்ளே, இது எந்த ஊருப் பிரதி?"

"நல்ல பிரதி மாமா. ஹெச்.டி."

"பிரதியக் குத்தம் சொல்லல. சிவாஜி இம்புட்டுக் குண்டாவா இருந்தாரு அப்ப? ஆளுகளெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி இருக்காக."

நான் பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நான் ஓட்டுன பிரதி இதவிடப் பழசு. மழை பேஞ்ச மாதிரி கோடு விழுந்து கிடக்கும். ஆனாக்க இருட்டு இருட்டா இருந்துச்சு. கார்பன் கரைஞ்சு திரை மங்குனா மணல்ல உக்காந்திருக்கவன் விசிலடிப்பான், கத்துவான். இதுல என்னமோ குறையுது. குறையுதுன்னு கத்தத்தான் ஆள் இல்ல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அக்காள் மகனைக் கூப்பிட்டேன். பெரியகுளத்தில் வீடு வீடாக இணையக் கம்பி இழுத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. வந்தவன் டி.வி.யைப் பார்க்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்த்தான். நடு அறையில் நிற்கிற இரும்பு பீரோவைப் பார்த்தான். மச்சுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு எண்ணைக் காட்டினான்.

"மாமா, உங்ககிட்ட இருக்கிற படம் விநாடிக்கு 20 மெகாபிட். கீழே டி.வி.க்குப் போறது 2."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் வாசகர்களுக்குச் சொல்கிறேன். முழு ஹெச்.டி. என்றால் திரையின் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080, பெருக்கினால் 20,73,600. விநாடிக்கு 24 படங்கள். ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று வைத்து, ஒன்றையும் விடாமல் அனுப்புவதானால் விநாடிக்கு சுமார் 1,194 மெகாபிட் வேண்டும். எந்த வீட்டிலும் அது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே சுருக்குகிறார்கள். இணையத்தில் படம் காட்டும் கம்பெனிகள் முழு ஹெச்.டி.க்கு விநாடிக்கு 5 மெகாபிட் இருந்தால் போதும் என்கின்றன. அதாவது ஏறக்குறைய 240-ல் ஒரு பங்கு. என் வீட்டில் வந்துகொண்டிருந்தது 600-ல் ஒரு பங்கு.

ஏன் அப்படி? கம்ப்யூட்டரும் காற்றில், டி.வி.யும் காற்றில். மச்சிலிருந்து கிளம்பும் படம் முதலில் முன்கட்டுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து அதே காற்றில் திரும்பப் பின்கட்டுக்கு வர வேண்டும். ஒரே பாதையில் இரண்டு நடை. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. தெருவில் உள்ள எல்லா வீட்டுப் பெட்டிகளும் அதிலேதான் முட்டிக்கொள்ளும். போதாததற்கு இரும்பு பீரோ. இத்தனை நெருக்கடியைக் கண்ட என் கம்ப்யூட்டர், படம் நின்றுவிடக் கூடாதே என்று, ஓட ஓடவே அதை இன்னும் சின்னதாக அரைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை.

இங்கேதான் என் முதல் இரண்டு குற்றங்களும் உடைந்து போகின்றன.

சுருக்குகிற யந்திரத்துக்கு ஒரு தத்துவம் உண்டு: மனுஷக் கண்ணுக்குத் தெரியாததை முதலில் தூக்கிப் போடு. இருட்டில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கண் சரியாகப் பிரிப்பதில்லை. எனவே அவற்றுக்கு ஒதுக்குவது சொற்பம். இடம் தாராளமாக இருந்தால் இது வெளியே தெரியாது. 2 மெகாபிட்டில், கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் நடுவே இருந்த பத்துப் படிகள் ஒரே கட்டியாகிவிடும். நான் பார்த்த அடுப்புக்கரி அது.

இன்னொரு தந்திரம்: ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மாறினதை மட்டும் அனுப்பு. ஆனால் பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் என்பதே வெள்ளித் துகள்கள் சேர்ந்து உண்டானது. ஒவ்வொரு சட்டத்திலும் அந்தத் துகள்கள் இடம் மாறிக் கிடக்கும். யந்திரத்துக்கு அது எல்லாமே மாறிவிட்டதாகத் தோன்றும். சமாளிக்க முடியாமல் துகளை வழித்து எறிந்துவிடும். துகளோடு தோலும் போகிறது. கண்ணோரச் சுருக்கமும், உதட்டோரத்துத் துடிப்பும் போகின்றன. மிஞ்சுவது மெழுகு.

'அந்த நாள்' எப்படிப்பட்ட படம் என்று யோசித்துப் பாருங்கள். 1943-ல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டதற்கு மறுநாள் காலை, ரேடியோ என்ஜினீயர் ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். படம் தொடங்கியவுடனேயே துப்பாக்கி வெடிக்கிறது; சுட்டது யார் என்று மட்டும் காட்டவில்லை. பிறகு ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். சொல்கிறவர் மெய் சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா? சிவானந்தம் முகத்தைப் படிக்கிறார். அவரோடு சேர்ந்து நாமும் படிக்கிறோம். படம் முழுவதும் முகம் படிக்கிற வேலைதான். அந்த முகத்தை வழித்து எடுத்துவிட்டு, நடிகையின் முகத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது குற்றம் இன்னும் வெட்கக்கேடு. அந்தக் காலத்துப் படச் சட்டம் அகலம் நாலு என்றால் உயரம் மூன்று. இந்தக் காலத்து டி.வி.யோ பதினாறுக்கு ஒன்பது. இரண்டு ஓரமும் கறுப்பாகக் கிடந்தால் காசு வீண் என்று நினைக்கிறவர்களுக்காக, படத்தை இழுத்து நிரப்பும் வசதி ஒன்று டி.வி.யில் இருக்கிறது. என் டி.வி.யில் அது போட்டபடியே கிடந்தது. ஆக ஒவ்வொரு முகமும், ஒவ்வொரு சுவரும் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலம். சிவாஜி பருத்தது அதனால். சுவர்கள் விலகி நின்றதும் அதனால். மாருதிராவ் அளந்து வைத்த சட்டத்தை நான் ரப்பராக இழுத்துவிட்டு, சட்டம் சரியில்லை என்று அவரையே கண்டித்தேன்.

அக்காள் மகன் முப்பது மீட்டர் லேன் கம்பி கொண்டுவந்தான். சுவரில் துளை போட்டு, மச்சிலிருந்து முன்கட்டுப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து பின்கட்டுக்கும் இழுத்தான். சாதாரண லேன் கம்பியே நூறு மீட்டர் வரைக்கும் விநாடிக்கு 1,000 மெகாபிட் தாங்குமாம். அரைக்காமல் உள்ளபடியே அனுப்பு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னான். டி.வி.யில் இழுவையை எடுத்தான். இல்லாத சட்டங்களைத் தானே கற்பனை செய்து நடுவே செருகி அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருந்தது, அதையும் அணைத்தான். அரை நாள் வேலை. செலவு ஒரு நல்ல வேட்டி விலை.

அன்று இரவு மறுபடியும் பார்த்தேன். அதே பிரதி. அதே டி.வி. அதே நாற்காலி. படம் மட்டும் வேறு.

இருட்டுக்குள் அறை இருந்தது. அறைக்குள் மூலைகள் இருந்தன. மூலையில் நிற்கிறவர் பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் நிழலிலுமாக நின்றபோது, நிழலில் இருந்த பாதி பொய் சொல்லுமோ என்று சந்தேகம் வந்தது. பண்டரிபாய் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் கதை முழுவதும் இருக்கிறது. முன்பு நான் அதைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்கு அது வந்து சேரவே இல்லை.

'இது மிஷின்காரனின் சமாசாரம். இதில் விமர்சகனுக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து, கிழிந்து ஒட்டின பிரதியில் படம் பார்த்த ஜனங்கள் ரசிக்கவில்லையா? ரசித்தார்கள். எங்கள் மாமா சொல்லியிருக்கிறார்: ஒரே பிரதியை இரண்டு ஊர்க் கொட்டகைகள் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே முதல் ரீல் ஓடி முடிந்ததும் பையன் ஒருவன் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு மிதிப்பான். அங்கே அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ரீலுக்குத் திரும்பி வந்துவிடுவான். யோசித்தால், இன்றைக்கு வீட்டுக்குள் நடக்கிற இந்தப் பிரவாகமும் அதேதான்: படத்தைத் துண்டு துண்டாக, தேவைக்குச் சற்று முன்னதாக, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சேர்ப்பது.

ஆனால் ஒரு வித்தியாசம். சைக்கிள் பஞ்சரானால் படம் நிற்கும். விளக்கைப் போடுவார்கள். முறுக்குக்காரன் உள்ளே வருவான். பெட்டி வரவில்லை என்று கொட்டகை முழுவதுக்கும் தெரியும். பையன், பஞ்சரானதை மறைப்பதற்காக, வழியிலேயே ரீலில் பாதியைக் கத்தரித்துவிட்டு மீதியை ஒட்டிக் கொண்டுவந்து கொடுக்க மாட்டான். என் வீட்டு யந்திரம் அதைத்தான் செய்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். பழைய குறைகள் தம்மைக் காட்டிக்கொள்ளும் குறைகள். கோடு விழுந்தால், அது கோடு என்று குழந்தைக்கும் தெரியும். அதைப் படமெடுத்தவன் தலையில் யாரும் கட்ட மாட்டார்கள். கோட்டைக் கண் கழித்துவிட்டு, பின்னாலிருக்கிற முகத்தைப் பார்த்துக்கொள்ளும். புதுக் குறைகள் தம்மை மறைத்துக்கொள்ளும் குறைகள். வழவழவென்று, சுத்தமாக, மூலையில் ஹெச்.டி. என்று முத்திரையோடு வந்து நிற்கும். எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியாது. ஆகையால், இல்லாமல் போனதெல்லாம் முதலிலிருந்தே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பழி கலைஞன் மேல் விழுகிறது. மாருதிராவ் எழுந்து வந்து எனக்குப் பதில் எழுதப் போவதில்லை. அந்தச் சௌகரியத்தில்தான் நான் எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் இருக்கிறது. கர்ப்பக்கிருகத்தின் கதவைத் திறப்பதில்லை. பூஜை, தீபாராதனை எல்லாம் அடைத்த கதவுக்குத்தான். சின்ன வயசில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்து நின்றிருக்கிறேன். அங்கே வருகிற யாரும் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று குறைப்பட்டு நான் கேட்டதில்லை. தெரியாமல் இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு என்று இந்த ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். நாற்பது தாண்டிய எனக்கு ஒரு படத்தின் இருட்டின் முன்னால் அது மறந்துவிட்டது. யந்திரத்துக்கு இருட்டு காலி இடம், தூக்கிப் போடலாம். பாலசந்தருக்கும் மாருதிராவுக்கும் இருட்டு அடைத்த கதவு. சுட்டவர் அதற்குப் பின்னால் நிற்கிறார்.

எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. தேசபக்தியைப் பற்றிய வாதங்கள் சில இடங்களில் மேடைப் பிரசங்கமாக நீண்டுவிடுகின்றன என்று எழுதியிருந்தேன். கம்பி போட்ட பிறகும் அவை அவ்வளவு நீளமாகவே இருக்கின்றன. அந்தக் குறை படத்துடையது, அது நிற்கட்டும். ஆனால் வெளிச்சத்தைப் பற்றியும், சட்டத்தைப் பற்றியும், பண்டரிபாயைப் பற்றியும் நான் எழுதியவை தப்பு. 'நல்ல கதை, மோசமான வெளிச்சம்' என்ற வாக்கியத்தை வாசகர்கள் அடித்துவிட வேண்டும். மோசமாக இருந்தது என் வீட்டு வழி.

பழைய படங்களை வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலையில் இருக்கிற முத்திரையை நம்பாதீர்கள். அது திரையில் எத்தனை புள்ளி என்று சொல்லும். எத்தனை வந்து சேர்ந்தது என்று சொல்லாது. முகங்கள் வழவழவென்று இருக்கிறதா, இருட்டு கட்டி கட்டியாக நிற்கிறதா, ஆட்கள் பருத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சுவரில் ஒரு துளை போட மனசு வந்தால் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால், இவ்வளவுதான் வந்து சேர்ந்தது என்று தெரிந்துகொண்டாவது பாருங்கள். தீர்ப்பு எழுதுகிற என் போன்றவர்களுக்கு அது வேண்டுகோள் அல்ல, கடமை.

மாமாவை மறுபடி வரவழைத்தேன். சித்திரையில் வந்தார். படத்தைப் போட்டேன். இந்தத் தடவை அவர் தூங்கவில்லை. கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, சுவரில் கம்பி நுழைகிற துளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப இருட்டு வந்துருச்சு மாப்ளே" என்றார்.

பாலசந்தரின் 'பொம்மை' (1964) படத்தைப் பற்றியும் நான் பழைய நோட்டில் ஏதோ கடுமையாகக் குறித்து வைத்திருக்கிறேன். நல்ல வேளை, அதை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. முதலில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.